கடலூர் மஞ்சக்குப்பம்: தரை + 1 வீட்டு மேல இன்னொரு மாடி. 9×9 பில்லரும் 5 அடி ஃபுட்டிங்கும் தாங்குமா?

மஞ்சக்குப்பம் சைட்

மஞ்சக்குப்பத்துல 1997-ல கட்டின ஆர்.சி.சி. பிரேம் வீடு. தரைத்தளம், முதல் மாடி, ஒவ்வொண்ணும் சுமார் 1,100 சதுர அடி. உரிமையாளர் இரண்டாம் மாடி கேக்குறார். பழைய டிராயிங் எதுவும் கைவசம் இல்லை. நேர்ல அளந்ததை அப்படியே தர்றேன்.

பில்லர் பூச்சு இல்லாம 9×9 இஞ்ச். ரெண்டு இடத்துல உடைச்சுப் பார்த்ததுல 12 மி.மீ. முறுக்குக் கம்பி 4, 6 மி.மீ. ரிங் ஏழு இஞ்சுக்கு ஒண்ணு. பீம் 9×12, ரூஃப் நாலரை இஞ்ச். உள்பக்கப் பில்லருக்கு இடைவெளி ஒரு பக்கம் 12 அடி, இன்னொரு பக்கம் 11 அடி. சுவர் எல்லாமே 9 இஞ்ச் செங்கல். ஒரே ஒரு இடத்துல குழி வெட்டிப் பார்த்தோம்: ஃபுட்டிங் (பில்லருக்கு அடியில விரிஞ்ச அஸ்திவாரம்) 5×5 அடி, தரையிலிருந்து 5 அடி ஆழம். ஜனவரியில 7 அடியில தண்ணி. மண் மேல கொஞ்சம் களி கலந்து, கீழே நைஸ் மணல்.

மொட்டை மாடியில எல்லாப் பில்லருக்கும் 3 அடி கம்பி விட்டிருக்காங்க. நல்லா துரு ஏறியிருக்கு. தட்டோடு போட்ட வெதரிங் கோர்ஸ் (வெயில், மழையிலிருந்து கூரையைக் காக்குற அடுக்கு), 2,000 லிட்டர் டேங்க் ஒண்ணு ஓரமா இருக்கு.

மேஸ்திரி, "மேல கட்டத்தானே கம்பி விட்டிருக்கு, தாராளமா ஏத்தலாம்"னு சொல்றார். உரிமையாளரும் அதையே பிடிச்சுக்கிட்டார். ஜாக்கெட்டிங் (பழைய பில்லரைச் சுத்திப் புதுக் கான்கிரீட் உறை) பண்ணிட்டு கான்கிரீட் மாடி போடுறதா, இல்ல ஸ்டீல் பிரேம்ல லேசா ஒரு தளம் போடுறதா? சோதனைகளை எந்த வரிசையில பண்ணணும்?

---

கோரிமேடு ஸ்ட்ரக்சுரல்

மேல விட்ட கம்பியை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க சார். கடலூர், புதுச்சேரி ரெண்டு ஊர்லயும் அந்தக் காலத்துல டிசைன் இருந்தாலும் இல்லைன்னாலும் கம்பியை மேல விட்டு முடிக்கிறது வழக்கம். கட்டினவருக்கு மேல கட்டுற ஆசை இருந்ததுன்னு மட்டும்தான் அந்தக் கம்பி சொல்லும். ஃபுட்டிங் எத்தனை மாடிக்குப் போட்டதுன்னு அதுல தெரியாது.

உங்க அளவுகளை வச்சே ஒரு உள்பக்கப் பில்லருக்குக் கணக்கு பார்ப்போம். 12×11 அடின்னா அந்தப் பில்லர் சுமக்குற பரப்பு 12.3 சதுர மீட்டர்.

ஒரு நடு மாடிக்கு: ஸ்லாப் 115 மி.மீ. சதுர மீட்டருக்கு 290 கிலோ, தரைப்பூச்சும் டைல்ஸும் 120, புழங்கு பாரம் 200. மொத்தம் 610 கிலோ, 12.3-ஆல பெருக்கினா 7.5 டன். 9 இஞ்ச் சுவர் 7 மீட்டர் நீளம், பீமுக்குக் கீழே 2.7 மீட்டர் உயரம், கதவு ஜன்னல் கழிச்சு 8 டன். பீம் 0.8, பில்லரோட சொந்த எடை 0.4. ஆக 16.7 டன்.

ரூஃப் மட்டத்துக்கு: ஸ்லாப், 100 மி.மீ. வெதரிங் கோர்ஸ், மொட்டை மாடிப் புழங்கு பாரம் 150 கிலோ எல்லாம் சேர்த்து பீமோட சுமார் 8.5 டன், பில்லர் சொந்த எடை 0.4. ஆக 8.9.

இன்னைக்கே தரைத்தளப் பில்லர்ல 25.6 டன் நிக்குது. சரி, பில்லர் எவ்வளவு தாங்கும்? அந்தக் காலத்து 1:2:4 கலவையை எம்15-னு (சதுர மி.மீ.க்கு 15 நியூட்டன் பலம்) வச்சுக்கிட்டா, ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை) நேர்பாரச் சூத்திரப்படி 0.4×15×52,448 கான்கிரீட்டுக்கு, 0.67×415×452 கம்பிக்கு. கூட்டினா 440 கிலோநியூட்டன். அதை 1.5-ஆல வகுத்தா 29.3 டன். இதுவும் உச்ச வரம்புதான். 9 இஞ்ச் பில்லருக்கு குறைஞ்சபட்ச மையவிலகல் (பாரம் நடுவை விட்டு விலகுறது) 20 மி.மீ.ன்னு கோட் சொல்லுது. அது பக்க அளவுல இருபதுல ஒரு பங்கைத் தாண்டுறதால, அந்தச் சூத்திரத்தை முழுசா எடுத்துக்க முடியாது. வளைவு விசையையும் சேர்த்துப் பார்த்தா தாங்கு திறன் இன்னும் கீழே இறங்கும்.

இதுக்கு மேல வழக்கமான கான்கிரீட் மாடி ஒண்ணு வந்தா கூடுதல் 16.7. மொத்தம் 42.3 டன். 29-ல நிக்க வேண்டிய பில்லர்ல 42. பேச்சுக்கே இடமில்லை.

ஃபுட்டிங் இன்னும் நெருக்கடி. பில்லர் பாரத்தோட தரைத்தளச் சுவர், பிளிந்த் பீம் சேர்ந்தா 35 டன், ஃபுட்டிங் எடையும் மேல் மண்ணும் 10 சதவீதம் கூட்டினா 38.5. 5×5 அடிங்கிறது 2.32 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 16.6 டன் அழுத்தம் இப்பவே மண்ணுல இருக்கு. கான்கிரீட் மாடி ஏறினா 24.5 ஆகும். நீங்க சொல்ற நைஸ் மணல், 7 அடியில தண்ணிங்கிற நிலைமையில 24.5 கிடைக்கும்னு எந்த மண் ரிப்போர்ட்டும் எழுதித் தராது.

அதனால முதல் வேலை, பலப்படுத்துறதுக்கு முன்னாடி எடையைக் குறைக்கிறது. வெதரிங் கோர்ஸை எடுத்தாலே ஒரு பில்லருக்கு 2.3 டன் போகும். இடைத்தடுப்பு 9 இஞ்ச் சுவர்களை லேசான ஏ.ஏ.சி. பிளாக்கா மாத்துறது அடுத்தது, ஆனா குடியிருக்கிற வீட்டுல அது லேசான வேலை இல்லை.

லேசான தளத்துக்கு இதே பில்லர்ல கணக்கு: வெதரிங் கோர்ஸ் போச்சு, அது இருந்த இடத்துல மெல்லிய டைல்ஸ், புழங்கு பாரம் 150-லிருந்து 200, நிகரம் சுமார் 0.5 டன் குறைவு. 150 மி.மீ. ஏ.ஏ.சி. சுவர் பூச்சோட 2.3, ஸ்டீல் பிரேம் 0.3, பஃப் பேனல் (நடுவுல ஃபோம் வச்ச ஷீட்) கூரையும் சீலிங்கும் 0.3, கூரைப் புழங்கு பாரம் 0.9. நிகரக் கூடுதல் மூணு, மூணரை டன். பில்லர்ல 29.1 டன், ஃபுட்டிங்குக்கு அடியில சதுர மீட்டருக்கு 18.3 டன். பில்லர் விளிம்புல நிக்குது. கான்கிரீட் உண்மையிலேயே எம்20-க்குச் சமமா வந்தா திறன் 36 டன் பக்கம் போகும், மூச்சு விட இடம் கிடைக்கும். எம்15-க்குக் கீழே வந்தா லேசான தளத்துக்குக்கூட ஜாக்கெட் வேணும். எல்லாம் கோர் டெஸ்ட் (பில்லர்லிருந்து உருளைத் துண்டு எடுத்து நசுக்கிப் பார்க்கிறது) கையில இருக்கு.

---

கெடிலக்கரை ஜியோடெக்

மேல சொன்ன 16.6 டன்னை ஒரு நிமிஷம் பிடிச்சு நிறுத்துங்க. "இத்தனை வருஷமா நிக்குதே, மண் தாங்குதுன்னுதானே அர்த்தம்"னு எல்லாரும் சொல்லுவாங்க. அனுமதிக்கப்பட்ட தாங்குதிறன்ல ஏற்கெனவே 2.5-லிருந்து 3 மடங்கு பாதுகாப்பு உள்ளே இருக்கு. புழங்கு பாரமும் ஒரு வீட்டுல கணக்குல போட்ட அளவுக்கு ஒருநாளும் முழுசா வர்றதில்லை. வீடு நிக்கிறது அந்த ஒதுக்கீட்டுல. புது மாடி ஏத்தறப்ப அந்த ஒதுக்கீட்டைத்தான் சாப்பிடுறோம்.

கடலூர்ல மண் தெருவுக்குத் தெரு மாறும். கேப்பர் மலைப் பக்கம் செம்மண், கடலூர் மணற்கல், கெட்டி. மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர் எல்லாம் கெடிலமும் தென்பெண்ணையும் உப்பனாறும் கொண்டாந்து கொட்டின வண்டல். பத்து அடி தள்ளி இன்னொரு குழி வெட்டினா வேற மண் வரலாம். அதனால ஒரு குழியை வச்சு முடிவு எடுக்காதீங்க. வீட்டோட எதிரெதிர் மூலையில ரெண்டு போர் (மண் சோதனைத் துளை), குறைஞ்சது 8 முதல் 10 மீட்டர் ஆழம், ஒன்றரை மீட்டருக்கு ஒரு எஸ்.பி.டி. (மண்ணோட கெட்டித்தன்மையை அடிச்சுப் பார்க்கிற சோதனை) ஐ.எஸ். 2131 படி. களி வந்த ஆழத்துல கலையாத மாதிரி எடுத்து ஒடுங்குதல் சோதனைக்கு அனுப்புங்க. பிளேட் லோட் டெஸ்ட் மட்டும் போதும்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. ஒரு அடி, ரெண்டு அடி தகடு அதோட அகலத்துல ரெண்டு மடங்கு ஆழம் வரைக்கும்தான் மண்ணைச் சோதிக்கும், கீழே இருக்கிற களி அடுக்கு அதுக்குத் தெரியவே தெரியாது.

தண்ணி மட்டம் ரொம்ப முக்கியம். நீங்க பார்த்த 7 அடி ஜனவரி மட்டம். 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் வந்தப்ப தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள்ள எப்படிப் புகுந்ததுன்னு ஊரே பார்த்தது. அந்த நிலையில ஃபுட்டிங் தண்ணிக்குள்ள. தண்ணி ஃபுட்டிங் மட்டத்துக்கு வந்தா, ஐ.எஸ். 6403 கணக்குல மணலோட அகலம் சார்ந்த பங்கு பாதியாகிடும். கணக்கை வெள்ள மட்டத்துக்குத்தான் போடணும், கோடை மட்டத்துக்கு இல்ல.

தாங்குதிறனைவிட இறக்கம்தான் பெரும்பாலும் முடிவு பண்ணும். ஐ.எஸ். 1904-ல தனி ஃபுட்டிங் போட்ட ஆர்.சி.சி. கட்டடத்துக்கு ரெண்டு பில்லருக்கு இடையில வேறுபாட்டு இறக்கம் இடைவெளியில 0.0015 பங்கு. உங்க 12 அடிக்கு, அதாவது 3.66 மீட்டருக்கு, அஞ்சரை மி.மீ.தான். பழைய பாரத்துக்கு மண் ஏற்கெனவே இறங்கி முடிஞ்சது, புதுப் பாரத்துக்கு மட்டும் இறக்கம் கணக்குப் போட்டா போதும். ஆனா மணல்ல இருக்கிற ஃபுட்டிங் கட்டக் கட்டவே இறங்கி முடிச்சிடும், களியில இருக்கிறது மாசக்கணக்கா, வருஷக்கணக்கா இறங்கும். ஒரே வீட்டுல ரெண்டும் இருந்தா வெடிப்பு வீடு கட்டி முடிச்ச பிறகுதான் வரும், அதுவும் ஜன்னல் மூலையில சாய்வா. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எல்லாப் பில்லர்லயும் ஒரு மட்டக் குறி வைங்க. பழைய வெடிப்புகள் மேல ஜிப்சம் திட்டு போட்டு தேதி எழுதி வைங்க. பிறகு வர்ற சண்டைக்கும் அது சாட்சி.

---

மஞ்சக்குப்பம் சைட்

ரொம்ப நன்றி சார். ரெண்டு போருக்குச் சொல்லிட்டேன். கோர் டெஸ்ட் பத்தி ஒரு சந்தேகம். ரீபவுண்ட் ஹேமர் வச்சுப் பார்த்ததுல பில்லருக்கு எம்25 அளவுக்குக் காட்டுது. 1997 கலவைக்கு அவ்வளவு வருமா? உரிமையாளர் கோர் எடுத்தா பில்லர் வீக் ஆயிடும்னு பயப்படுறார்.

---

உப்பளம் ரெட்ரோஃபிட்

ஹேமர் காட்டுற 25-ஐ நம்ப வேண்டாம். கான்கிரீட் பழசாக ஆக மேல்பக்கம் காற்றுல இருக்கிற கரியமில வாயுவோட சேர்ந்து கெட்டியாகும். ஹேமர் அந்தத் தோலை மட்டும்தான் தட்டிப் பார்க்குது. கார்பனேஷன் ஏறின மேற்பரப்புல காட்டுற பலம் உண்மையைவிட 50 சதவீதம் வரைக்கும்கூட அதிகமா வரும்னு கோட்லயே இருக்கு. சீரான, புதுக் கான்கிரீட்லயே ப்ளஸ் மைனஸ் 25 சதவீதம் விலகல் உண்டு. ஹேமரோட வேலை எந்தப் பில்லர் மத்ததைவிட மோசம்னு வரிசைப்படுத்துறது, அவ்வளவுதான்.

யு.பி.வி. (கான்கிரீட்டுக்குள்ள ஒலியலை போற வேகத்தை அளக்கிறது) கூடவே பண்ணுங்க, பில்லர்ல எதிரெதிர் முகத்துல வச்சு. நொடிக்கு 3 கி.மீ.க்குக் கீழே வந்தா உள்ளே தேன்கூடோ வெடிப்போ இருக்குன்னு சந்தேகப்படணும். பில்லரோட அடியில, பிளிந்துக்கு மேல ஒரு அடிக்குள்ள கட்டாயம் பாருங்க. அந்தக் காலத்துல கையால கம்பி குத்தித்தான் கான்கிரீட் போட்டாங்க, ஜல்லி கீழே தங்கி சிமென்ட் பால் வடிஞ்சு போறது அங்கதான்.

கோர் எடுத்தா வீக் ஆகும்ங்கிற பயத்துல பாதி நியாயம் இருக்கு. 9 இஞ்ச் பில்லர்ல 4 இஞ்ச் கோர் எடுக்கவே கூடாது. 68 அல்லது 75 மி.மீ. எடுங்க, 20 மி.மீ. ஜல்லிக்கு மூணு மடங்கைத் தாண்டிடும். முதல்ல ஸ்கேனர் வச்சுக் கம்பி இடம் குறிச்சு, பில்லர் உயரத்துல நடுப்பகுதியில, முகத்துக்கு நடுவுல. உள்பக்கப் பில்லரைத் தொடாதீங்க. மூலைப் பில்லர், ஓரப் பில்லர்ல பாரம் கம்மி, அங்கே எடுங்க. பக்கத்துல பீமுக்கு ஜாக்கி முட்டு கொடுத்துட்டு எடுங்க. மூணுக்குக் குறையக் கூடாது. ஐ.எஸ். 456 அளவுகோல்: சராசரி, எதிர்பார்த்த தரத்துல 85 சதவீதம், எந்த ஒண்ணும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. எடுத்த அன்னைக்கே சுருங்காத கிரவுட் போட்டு ஓட்டையை அடைச்சிடுங்க. கோர் மதிப்பையும் அதே பில்லரோட யு.பி.வி. அளவையும் ஜோடி சேர்த்து வச்சா, கோர் எடுக்காத பில்லர்களைக் கணிக்க அது உதவும்.

கோர் எடுத்த கையோட அதே துண்டை பினால்ப்தலீன்ல நனைங்க. ரோஸ் நிறம் வந்த இடம் நல்லது, நிறமே வராத ஆழம் கார்பனேஷன் ஏறினது. நிறமில்லாத ஆழம் கம்பிக்கவரை (கம்பிக்கு மேல இருக்கிற கான்கிரீட் தடிமனை) தாண்டிட்டா கம்பியோட காப்பு போச்சு. கடல்காற்று ஊருங்கிறதால குளோரைடும் பாருங்க. கம்பி மட்டத்துல துளையிட்டுத் தூள் எடுத்து அனுப்புங்க, ஆர்.சி.சி.க்கு வரம்பு கனமீட்டருக்கு 0.6 கிலோ. ஹாஃப் செல் மின்னழுத்தச் சோதனையில மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டினா துரு நடந்துக்கிட்டிருக்க 90 சதவீத வாய்ப்பு. குளோரைடு ஏறின பில்லர் மேல ஜாக்கெட் போட்டு மூடினா, துரு உள்ளே தொடர்ந்து வேலை செய்யும், வெளியே வருஷக்கணக்கா தெரியாது. கம்பிக்குப் பின்னாடி வரைக்கும் கெட்ட கான்கிரீட்டைக் கொத்தி எடுத்த பிறகுதான் ஜாக்கெட்.

மேல விட்ட கம்பியில கவனிக்க வேண்டியது ஸ்லாபுக்கு மேல நிக்கிற மூணு அடியை இல்ல, கம்பி கான்கிரீட்டை விட்டு வெளியே வர்ற அந்த ஒரு இஞ்சை. மழைத்தண்ணி தேங்குறது அங்கேதான், அரிப்பும் அங்கேதான் ஆழம். மூணு இஞ்ச் கீழே கொத்தி, கம்பி பிரஷ் வச்சுத் துருவை முழுசா எடுத்துட்டு வெர்னியர்ல அளங்க. 12 மி.மீ. கம்பி 10.5-ஆ இருந்தா பரப்புல கிட்டத்தட்ட கால்வாசி போச்சு. அது கணக்குக்கு உதவாது. பழைய முறுக்குக் கம்பியில வெல்டிங் வைக்காதீங்க, முறுக்கினதால வந்த பலம் சூட்டுல போயிடும். புதுக் கம்பி ரசாயன ஆங்கர்ல நடுறதுன்னா 12 மி.மீ. கம்பிக்கு 16 மி.மீ. துளை. ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதி, அடியிலிருந்து மருந்தை நிரப்பணும். இந்த ஊதுற வேலையைத்தான் ஆட்கள் தாவிடுவாங்க. தூள் உள்ளே நின்னா மருந்து தூளோட ஒட்டும், கான்கிரீட்டோட ஒட்டாது. மறுநாள் நாலு கம்பியை இழுத்துச் சோதிச்சுப் பாருங்க.

---

உப்பளம் ரெட்ரோஃபிட்

ஜாக்கெட் பத்தியும் எழுதிடறேன், ஏன்னா இதுலதான் பணம் போகும்.

ஐ.எஸ். 15988 படி ஜாக்கெட் தடிமன் குறைஞ்சது 100 மி.மீ. 230 பில்லர் 430 ஆகும். ஒவ்வொரு பக்கமும் 4 இஞ்ச் வெளியே வரும், கதவு நிலை, சமையல் மேடை எல்லாம் இடிக்கும்; உரிமையாளருக்கு இதை முதல்லயே சுவர்ல சாக்பீஸ்ல வரைஞ்சு காட்டுங்க. புதுக் கான்கிரீட் பழசைவிட பலத்துல குறைஞ்சது சதுர மி.மீ.க்கு 5 நியூட்டன் கூட இருக்கணும்னு கோட். ஆனா நம்ம கடலோரம் கடும் சூழல் வகை, அங்கே குறைஞ்சது எம்30, கவர் 45. 100 மி.மீ.க்குள்ள 45 கவர், 8 மி.மீ. ரிங், 16 மி.மீ. கம்பி போக மிச்சம் 30 மி.மீ. சொச்சம்தான். அதனால 10 மி.மீ. சிப்ஸ் ஜல்லி, இல்லைன்னா மைக்ரோ கான்கிரீட். 20 மி.மீ. ஜல்லி போட்டா கம்பிக்குப் பின்னாடி போகவே போகாது.

கணக்குல வர்ற கூடுதல் கான்கிரீட் பரப்பை ஒன்றரை மடங்கும், கம்பியை மூணுல நாலு பங்கு, அதாவது சுமார் 1.33 மடங்கும் கூட்டிப் போடணும். புதுசும் பழசும் முழுசா ஒண்ணா வேலை செய்யாதுங்கிறதுக்கான தள்ளுபடி அது. இந்த அளவுப் பில்லருக்கு மூலைக்கு 16 மி.மீ. நாலு, நடுவுல 12 மி.மீ. நாலுன்னு வச்சா கம்பி 1,256 சதுர மி.மீ., புதுக் கான்கிரீட்டோட 0.8 சதவீதத்தைத் தாண்டிடும். ரிங் 8 மி.மீ., பீமுக்குக் கீழேயும் தரைக்கு மேலேயும் உயரத்துல கால்வாசி வரைக்கும் 100-க்கு ஒண்ணு. ரிங் கொக்கி 135 டிகிரி மடக்கணும். பழைய 6 மி.மீ. ரிங் 90 டிகிரியில மடக்கியிருக்கும், குலுக்கல் வந்தா திறந்துக்கும். 2001 செப்டம்பர் 25-ல புதுச்சேரிக்கு அப்பால கடல்ல 5.5 அளவு நிலநடுக்கம் வந்தது நினைவிருக்கட்டும், இந்தக் கடற்கரை அசையாத இடம் இல்லை.

தப்பு நடக்கிற இடங்கள். ஒண்ணு, ஜாக்கெட்டைத் தரையிலிருந்து ஆரம்பிச்சு விடுறது. ஜாக்கெட் கம்பி ஃபுட்டிங்ல ஊன்றி, ஃபுட்டிங்கிலிருந்தே எழும்பணும். ரெண்டு, பீம் அடியில நிறுத்துறது. ஸ்லாப்ல துளை போட்டுக் கம்பி அடுத்த தளத்துக்குப் போகணும், கான்கிரீட் ஊத்தறதும் அந்தத் துளை வழியா மேலிருந்துதான். கீழிருந்து ஊத்தி பீமுக்கு அடியில அரை இஞ்ச் இடைவெளி விட்டா ஜாக்கெட் பாரமே வாங்காது. மூணு, எபாக்சி பூசிட்டு சென்ட்ரிங் அடிக்க ரெண்டு மணிநேரம் எடுக்கிறது. பூச்சு காய்ஞ்ச பிறகு ஊத்தினா ஒட்ட வேண்டியது வழுக்குற அடுக்கா மாறிடும். வேகமா மூட முடியாதுன்னா எபாக்சியே வேண்டாம்: மேற்பரப்பை ஆறு மி.மீ. மேடு பள்ளமா கொத்தி, ராத்திரி முழுக்க நனைச்சு, புதுசையும் பழசையும் பிணைக்கிற ஷியர் கம்பி நட்டு, மேல்தண்ணி வடிஞ்ச பிறகு ஊத்துங்க.

இன்னொண்ணு எல்லாரும் மறக்குறது: ஜாக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஜாக்கி முட்டு வச்சு பீம் பாரத்தைக் கொஞ்சம் தூக்கணும். தூக்காம போட்டா பழைய 25 டன் பழைய பில்லர்லயேதான் நிக்கும். ஜாக்கெட் புதுசா வர்ற பாரத்துல மட்டும்தான் பங்கு எடுக்கும்.

ஃபுட்டிங் அகலப்படுத்துறது தனி வேலை. மண் சதுர மீட்டருக்கு 15 டன்தான் தாங்கும்னு வந்தா, கான்கிரீட் மாடி ஏறின மொத்தப் பாரம் 56.9 டன்னுக்கு 3.8 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 6 அடி 5 இஞ்ச் சதுரம். பக்கத்துப் பில்லரையும் சேர்த்து ஒரே நாள்ல தோண்டாதீங்க, ஒண்ணு விட்டு ஒண்ணு. பழைய ஃபுட்டிங் அடிமட்டத்துக்குக் கீழே ஒரு இஞ்ச்கூடப் போகாதீங்க; நைஸ் மணல், தண்ணியோட சேர்ந்து குழிக்குள்ள வடிஞ்சிடும், ஃபுட்டிங் அடி காலியாகும். பம்ப் வச்சு இறைக்கிறப்ப மணலும் சேர்ந்து வருதான்னு பக்கெட்ல பிடிச்சுப் பாருங்க. ஐப்பசி, கார்த்திகையில இந்த வேலையைத் தொடவே வேண்டாம், பிப்ரவரியிலிருந்து ஜூலைக்குள்ள முடிச்சுடுங்க. எல்லைச் சுவரை ஒட்டின பில்லருக்கு வெளிப்பக்கம் விரிக்க இடம் இருக்காது, அங்கே ஸ்ட்ராப் பீம் போட்டு உள்பக்க ஃபுட்டிங்கோட கட்டணும்.

---

வில்லியனூர் ஸ்டீல்

லேசான தளம்னு முடிவானா ஃபுட்டிங்கும் பில்லரும் பிழைக்கும், ஆனா எதிரி திசை மாறும். இந்தக் கடற்கரையில ஐ.எஸ். 875 பகுதி 3 படி அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். வேகத்தோட வர்க்கத்தை 0.6-ஆல பெருக்கினா சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், அதாவது 150 கிலோ. கூரையும் சீலிங்கும் சேர்ந்து 25 கிலோதான். காற்று உறிஞ்சினா கூரை மேலேதான் போகும், ஓரத்துலயும் மூலையிலயும் இன்னும் கூடுதலா. 2011 டிசம்பர் 30-ல தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறினப்ப ஷீட் கூரைகள் பறந்தது காற்று தள்ளினதால இல்ல, உறிஞ்சினதால.

அதனால பேஸ் பிளேட் (ஸ்டீல் தூணோட அடித்தகடு) ஆங்கர் இழுவைக்கு டிசைன் ஆகணும். ஸ்லாப் மேல பேஸ் பிளேட் வைக்கக் கூடாது, நாலரை இஞ்ச் ஸ்லாப்ல ஆங்கர் கூம்போட பிடுங்கிக்கும். நேரா பழைய பில்லர் மேலதான். ஆனா 9 இஞ்ச் பில்லர்ல நாலு போல்ட் போட்டா விளிம்புக்கு ரெண்டு இஞ்ச்தான் மிச்சம், ஓரம் தெறிக்கும். நல்ல வழி: பில்லர் தலையில, பழைய கம்பியை (அளந்து தேறினதை மட்டும்) சேர்த்து, பீம் மேல 300 மி.மீ. உயரத்துக்கு ஒரு கான்கிரீட் பீடம், பீம் லைன் முழுக்க 150 மி.மீ. டை பீம். பேஸ் பிளேட் போல்ட்டை அந்தப் பீடத்துலயே வார்க்கும்போது வச்சிடுங்க. புதுச் சுவரும் அந்த டை பீம் மேல நிக்கும், ஸ்லாப் மேல நிக்காது. வெதரிங் கோர்ஸ் எடுத்த ஸ்லாப்ல தண்ணி இறங்காம இருக்கவும் அந்தக் கட்டு உதவும்.

ஷீட்டுக்கு ஓரத்து ரெண்டு பர்லின்ல (ஷீட்டைத் தாங்குற குறுக்குச் சட்டம்) ஸ்க்ரூ ஒவ்வொரு வளைவுலயும், நடுவுல ஒண்ணு விட்டு ஒண்ணு. உப்புக்காத்துக்குச் சாதாரண துத்தநாகப் பூச்சு ஸ்க்ரூ வாஷர் சீக்கிரம் போயிடும், ஸ்டெயின்லெஸ் தலை போட்டதை வாங்குங்க. டேங்கை ஸ்டீல் கூரை மேல ஏத்தாதீங்க. 2,000 லிட்டர்னா 2 டன், அதைப் படிக்கட்டு அறையில ரெண்டு பில்லரைத் தாங்கி நிக்கிற பீம் மேல வைங்க, அந்தப் பில்லர் கணக்கைத் தனியா பாருங்க.

---

லாஸ்பேட்டை பிளான்

குறுக்கே வந்ததுக்கு மன்னிக்கணும். பாண்டி பக்கம் கேக்குறவங்களுக்காக ஒரு வரி: பில்லரே இல்லாம 9 இஞ்ச் செங்கல் சுவர் மேல நிக்கிற வீட்டுக்கு இந்தத் திரெட்ல சொன்ன ஜாக்கெட் கணக்கு எதுவும் பொருந்தாது. பவுல்வார்டுக்குள்ள, அதாவது பழைய நகரத்துக்குள்ள இருக்கிற சுண்ணாம்புச் சாந்து சுவர், மெட்ராஸ் டெரஸ் ரூஃப் வீடுகள்ல மேல தளம் ஏத்துறது முதல்ல கட்டமைப்புக் கேள்வி, அப்புறம் பாரம்பரியக் கட்டட அனுமதிக் கேள்வி, ரெண்டுலயும் பெரும்பாலும் பதில் 'வேண்டாம்'. அனுமதியில எங்க ஊர்னா திட்டக் குழுமம், கடலூர்னா மாநகராட்சி. ரெண்டு இடத்துலயும் பழைய தளங்களையும் வரைபடத்துல காட்டி, பதிவு பெற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்தோட போங்க. கடலோரம்னா கடற்கரை ஒழுங்குமுறை மண்டல எல்லைக்குள்ள வருதான்னு ஆரம்பத்துலயே சர்வே எண் வச்சுப் பாருங்க.

---

மஞ்சக்குப்பம் சைட்

கோர் மூணு வந்துட்டது: 14.5, 16, 17.5. கார்பனேஷன் 18 முதல் 25 மி.மீ., கவர் 25. போர் ரிப்போர்ட் வரல. லேசான தளம்னு உரிமையாளரை ஒத்துக்க வச்சிட்டேன். ஒரே கேள்வி: பாரம் 29.1, தாங்கு திறன் 29.3-ங்கிற உள்பக்கப் பில்லர் ரெண்டு இருக்கு. அதை மட்டும் ஜாக்கெட் போட்டு மத்ததை விட்டா சரியா?

---

கோரிமேடு ஸ்ட்ரக்சுரல்

சராசரி 16, குறைஞ்சது 14.5. எம்15-னு எடுத்தது சரிதான், அதுக்கு மேல எடுக்க வழியில்லை. 18 முதல் 25 மி.மீ. கார்பனேஷனும் 25 கவரும்னா கம்பிகிட்ட வந்தாச்சு, சில இடத்துல தொட்டாச்சு. அந்த ரெண்டு பில்லரையும் கட்டாயம் போடுங்க.

ஆனா ரெண்டை மட்டும் 430 ஆக்கினா பக்கவாட்டு விசை எல்லாம் அந்த ரெண்டுக்கே போகும். பக்க அளவு 1.87 மடங்கானா விறைப்பு அளவோட நாலாம் அடுக்கா ஏறும், பன்னிரண்டு மடங்கைத் தாண்டும். காற்றும் நில அதிர்வும் வந்தா மத்த பில்லர் சும்மா நிக்க, இந்த ரெண்டும் அதோட சேர்ந்த பீமும் வாங்கும். அதனால எதிர்ப்பக்கம் சமமா வர்ற மாதிரி கட்டடத்தோட மையத்துக்கு ரெண்டு பக்கமும் ஜோடி ஜோடியா எடுங்க. கம்ப்யூட்டர்ல முழு பிரேம் மாடல் போட்டு முறுக்கு எவ்வளவு வருதுன்னு பார்த்துட்டு எந்த ஜோடின்னு முடிவு பண்ணுங்க. அந்த ரெண்டு மட்டும்தான் பாரத்துல பத்தலை, பக்கவாட்டு விசை பத்திக் கவலை இல்லைன்னு மாடல் காட்டினா, நாலு மூலையிலும் இரும்பு ஆங்கிள் வச்சு பட்டை கட்டுற முறை இருக்கு, கான்கிரீட் ஜாக்கெட் அளவுக்கு விறைப்பு ஏறாது. ஆங்கிளுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவுல கிரவுட் நிரப்பி, மேல பீமுக்கு அடியில தகடு வச்சு முட்டுக் கொடுக்கணும், அப்பதான் பாரம் வாங்கும். பூச்சுக்கு முன்னாடி எபாக்சி ப்ரைமர் ரெண்டு கோட், கோழிவலை சுத்திப் பூசுங்க.

போர் ரிப்போர்ட் வந்ததும் 18.3 டன்னுக்கு இறக்கம் எவ்வளவுன்னு இங்கேயே போடுங்க. அது வர்ற வரைக்கும் வெதரிங் கோர்ஸை எடுக்கிற வேலையை மட்டும் ஆரம்பிக்கலாம். பிரேக்கர் மெஷின் வேண்டாம், கைச்சுத்தி உளி, ஒரு ஓரத்திலிருந்து. எடுத்த கழிவை மாடியில குவிக்காம அன்னன்னைக்கே கீழே இறக்கிடுங்க, ஒரு இடத்துல ரெண்டு அடி குவிஞ்சா சதுர மீட்டருக்கு முக்கால் டன்னுக்கு மேல போயிடும், அந்த ஸ்லாப் அதுக்குப் போட்டது இல்ல.